ரெண்டுக்கும் ஒரே துப்பாக்கி

அந்தத் துப்பாக்கிய உள்ள வைங்க பெனிட்டோண்ணே. அழகாத்தான் இருக்கு, நான் இல்லேங்கல. ஆனா கட்டையில பூ செதுக்கி வச்சா பொம்பளைக்குப் பிடிச்சிரும்னு உங்களுக்கு யாரு சொன்னது? நான் கவுதாரி சுடப் போறேன், கல்யாணத்துக்குப் போகல.

ஆமா, எனக்குத்தான். ஏன் அப்படி முழிக்கிறீங்க? மாத்தே டீ ஆறிப்போகுது, உறிஞ்சிட்டு இப்படிக் குடுங்க. லைசென்ஸப் பாருங்க, நெலிதா அகிர்ரேன்னு என் பேருதான். போட்டோவப் பாத்துச் சிரிக்காதீங்க. ஜெயில்லேந்து தப்பிச்சவ மாதிரி இருக்குன்னு எனக்கே தெரியும்.

ஒண்ணே ஒண்ணுதான் வாங்குவேன். சனிக்கிழமை கிளப்புல ஆகாசத்துல பறக்க விடுற களிமண் தட்டக் குறி வச்சுச் சுட்டுப் பழகணும், ஞாயித்துக்கிழமை அதையே தூக்கிட்டுப் புல்லுக்காட்டுல நடக்கணும். ரெண்டுக்கும் ஒண்ணு ஆவாதுங்கறீங்களா? எங்க வீட்டுக்காரர் ஒராசியோவும் இதத்தான் சொல்லுவாரு. தட்டுக்குக் கனமா வேணுமாம், அப்பத்தான் பறக்குறதோட சேத்துக் குழல வீசறது பாதியில நிக்காதாம். கவுதாரிக்கு லேசா வேணுமாம், நாள் பூரா சுமக்கணும்ல. அதனால ரெண்டு வாங்கியே ஆகணுமாம். ஆம்பளைங்க ஒண்ணுக்கு ஆசப்பட்டா காரணம் தானா வந்து நிக்குது பாருங்க.

பன்னெண்டு போர், அந்தப் பெரிய குழலா? ஐயோ வேணாம். அவரோடத ஒரு தரம் சுட்டுப் பாத்தேன், உதைச்ச உதையில தோளு கத்திரிக்கா கலர்ல வீங்கிருச்சு. சின்னக் குழல், அந்த இருபது போர எடுங்க. அது இல்ல, பக்கத்துல, மேலயும் கீழயுமா ரெட்டைக் குழல். குழல் நீளமாவே இருக்கட்டும். குழல் வாயில திருகி மாட்டுற துண்டுங்க கூட வருதுல்ல? அதான் வேணும். கவுதாரி காலடியில கெளம்பும், அதுக்கு ரவை விரிஞ்சு போறதப் போட்டுக்குவேன். தூரத்துத் தட்டுக்கு இறுக்கமானது. இதுக்குப் போயி இன்னொரு துப்பாக்கியா? மொறைக்காதீங்க, உங்க வியாபாரத்தக் கெடுக்கறேன்னு தெரியுது.

மொதல்ல தொறந்து காட்டுங்க. காலிதானே? குடுங்க, தோள்ல வச்சுப் பாக்கறேன். ம்... கன்னம் தானா வந்து உக்காருதே! கட்டைதான் ஒரு அரை விரல் நீளம் கூட. அறுத்துக் குடுத்துருவீங்கல்ல?

அவரோட ரெண்டு துப்பாக்கியா? தம்பிக்குக் குடுத்துட்டாருண்ணே, மார்ச் மாசமே. சேச்சே, சண்டையெல்லாம் இல்ல. வெளியில வண்டியிலதான் உக்காந்திருக்காரு, நாயோட. கூப்பிடாதீங்க, சொல்லிட்டேன். நாய்த் தீனி வாங்கப் போயிருக்கேன்னு நெனச்சிட்டு இருக்காரு.

கண்ணு போச்சுண்ணே. ரெண்டும். சர்க்கரை.

போன வாரம் சும்மா நடந்துட்டு வருவோம்னு இழுத்துட்டுப் போனேன். என் தோளப் பிடிச்சுக்கிட்டே வந்தாரு. மோரா, அதான் எங்க நாயி, புல்லுக்குள்ள மூக்க நீட்டிட்டு அப்படியே நின்னுருச்சு. கவுதாரி விர்ருன்னு எந்திரிச்சுது. வெடிச் சத்தமே இல்ல. மோரா திரும்பி அவரு மூஞ்சியவே பாக்குது. நாய் என்ன பண்ணுதுன்னு கேட்டாரு. பறவ பின்னாடி ஓடுதுன்னேன். வேற என்ன சொல்றது? அப்பறம், பறவ இடது பக்கமாத் தாழப் போச்சுல்லன்னாரு. அச்சு அசலா அப்படித்தாண்ணே போச்சு! காது அவருக்கு இருக்கு, கண்ணு எனக்கு இருக்கு, பத்தாதா?

அட, மூஞ்சிய அப்படி வச்சுக்காதீங்க. நான் குறி தப்பாம சுடுவேன்னா நெனைக்கிறீங்க? நல்லாத் தப்பும். தப்பட்டும். அவரு பின்னாடி நின்னு கத்தணும், ஏய் கழுதை, பறவைக்கு முன்னாடி குழல வீசுடின்னு. மார்ச்லேந்து அந்த மனுசன் என்ன ஒரு தரம்கூடத் திட்டல. தண்ணி கொண்டாந்து குடுத்தா நன்றின்னு சொல்றாருண்ணே. என்கிட்டப் போயி, நன்றி.