சுரூபத்துக்குச் சக்கரம் வேண்டாம்

ஆளுக்குப் பத்து நிமிடம்தான் என்று அறிவிக்கவே கால் மணி நேரம் எடுத்துக்கொண்ட அவைத்தலைவர் ஸ்பிரு அவர்களே! எங்கள் பாவங்களையெல்லாம் பாவசங்கீர்த்தனத்தில் கேட்ட பிறகும் எங்களோடு ஒரே மேசையில் உட்காரும் துணிச்சல் கொண்ட பங்குத்தந்தை தூன் சவேர் அவர்களே! வலப்பக்கம் வரிசையாக வீற்றிருக்கும் சிவப்புக்கொடி பேண்ட் கிளப் பெரியோர்களே! அவர்கள் முகத்தில் விழிக்கக் கூடாது என்ற ஒரே இலட்சியத்தோடு இடப்பக்கம் அமர்ந்திருக்கும் நீலக்கொடி பேண்ட் கிளப் பெரியோர்களே! சிவப்புச் சட்டையையும் நீலச் சட்டையையும் ஒரே சோப்பில் வெளுத்து, ஒரே கொடியில் காயப்போடும் தாய்மார்களே! உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

எனக்குக் கொடுத்த தலைப்பு, ‘கிறிஸ்தவ வாழ்வின் திசையும் நோக்கமும்’. கூட்டம் கூட்டியது சக்கரத்தைப் பற்றி முடிவெடுக்க. இரண்டும் ஒன்றுதான் என்று சொல்லிவிட்டு உட்காரலாம் என்றுதான் வந்திருக்கிறேன். ஆனால், மேடையேறிய எவன் சொன்னபடி உட்கார்ந்திருக்கிறான்?

இன்று குருத்து ஞாயிறு. அடுத்த ஞாயிறு உயிர்ப்பு விழா, பாஸ்கா. உயிர்த்த ஆண்டவரின் ஆளுயரச் சுரூபத்தை எட்டுப் பேர் தோளில் தாங்கி, சரிவின் அடியிலிருந்து கோயில் வாசல் வரை ஓட வேண்டும். பாட்டன்மார் ஓடினார்கள். அப்பன்மார் ஓடினார்கள். நாமும் மூச்சு முட்ட, முழங்கால் முனக ஓடினோம். இந்த ஆண்டு ஒரு தோள் குறைகிறது. ஆகவே நம் தலைவர் ஒரு தீர்மானம் கொண்டுவந்திருக்கிறார்: சுரூபத்துக்கு நான்கு சக்கரம் மாட்டிவிடலாம், இரண்டு பேர் தள்ளினால் போதும், பிரேக்கும் உண்டு. உயிர்த்த ஆண்டவருக்குப் பிரேக்! கல்லறை வாசலில் உருட்டிவைத்த கல்லால் தடுக்க முடியாதவரை இரண்டு ரப்பர் கட்டை தடுத்து நிறுத்தும் என்று தலைவர் நம்புகிறார். இந்த ஊரில் விசுவாசம் குறைந்துவிட்டது என்று யார் சொன்னது?

என்ன? பின்னால் என்ன சத்தம்? “டயரு யாரு வாங்கித் தர்றது?” என்கிறாரா? இருங்கப்பா, அந்தச் சண்டைக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கிறது.

நான் ஒரு மனிதரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் இங்கேதான் இருக்கிறார், கடைசி வரிசையில். நாஸ்யு அண்ணே, நழுவப் பார்க்காதீர்கள். கதவோரம் உங்கள் மனைவி ஜூசா அக்காவைத்தான் உட்கார வைத்திருக்கிறோம்.

நாஸ்யு யார் என்று இந்த ஊரில் சொல்ல வேண்டியதில்லை. நம் ஊருக்கும் தலைநகர் வலெத்தாவுக்கும் நடுவே அவர் பஸ் ஓட்டினார். அவருடைய சொந்த பஸ். மஞ்சள் பெயிண்ட், பளபளக்கும் பம்பர், ஓட்டுநர் தலைக்கு மேல் மாதாவின் படம், படத்துக்கு ஒரு குட்டி விளக்கு. பிரேக் போட்டால் விளக்கு எரியும். மாதாவுக்கு வெளிச்சம் வேண்டுமானால் வண்டி நிற்க வேண்டும். ஆகவே நாஸ்யு ஓட்டிய வரையில் மாதா பெரும்பாலும் இருட்டில்தான் இருந்தார்.

பிறகு ஒரு நாள், மால்டா முழுக்கப் பழைய பஸ்களை எடுத்துவிட்டார்கள். புது பஸ் வந்தது. புது ஓட்டுநர் வந்தார். நாஸ்யுவுக்கு என்ன வந்தது? நீலக்கொடி கிளப்பின் ஜன்னலோர நாற்காலி வந்தது. காலையில் உட்காருவார், மாலையில் எழுவார். நம் கோபுரத்தில் இரண்டு கடிகாரம் இருப்பது உங்களுக்குத் தெரியும். ஒன்று நமக்கு நேரம் காட்ட, மற்றொன்று தப்பு நேரம் காட்டிச் சாத்தானைக் குழப்ப. அந்த ஜன்னலிலிருந்து தெரிவது சாத்தானுடைய கடிகாரம். அதைப் பார்த்துக்கொண்டே மூன்று ஆண்டு உட்கார்ந்திருந்தார். கோயிலுக்கு வருவதை நிறுத்தினார். பேச்சைக் குறைத்தார். “உங்க வீட்டுக்காரர் என்ன பண்றாரு?” என்று கேட்டால் ஜூசா அக்கா சொல்வார்: “நாற்காலி ஓட்டுறாரு. ஊரு இன்னும் வரல.”

சிரிக்கிறீர்கள். அக்கா சிரிக்கவில்லை. போன ஆண்டு தவக்காலத்தில் பெட்டி கட்டிவிட்டார். மெல்போர்னில் தங்கை இருக்கிறார். பாஸ்கா முடிந்ததும் விமானம். “நீ வந்தா வா. வராட்டி இந்த ஜன்னலைக் கட்டிக்கிட்டு அழு” என்று சொல்லிவிட்டார்.

இது ஒரு பக்கம். மறுபக்கம், பாஸ்காவுக்கு முந்தின நாள், பின்வரிசையில் தூக்கும் நம் கார்ம்னு கணுக்காலை முறித்துக்கொண்டார். ஏன்? நீலக்காரர்கள் கொடியை உயர்த்திவிட்டார்கள். சிவப்புக் கொடி அதைவிட ஒரு சாண் உயர வேண்டும் என்று ஏணியில் ஏறினார். கொடி உயர்ந்தது, கார்ம்னு இறங்கினார், ஏணியைப் பயன்படுத்தாமல்.

பின்வரிசைத் தோள் போயிற்று. மேடேறும்போது பின்னால் நெட்டையர் வேண்டும், இல்லாவிட்டால் ஆண்டவர் மல்லாந்துவிடுவார். கோயில் பின்கதவு நிலையில் ஒவ்வொரு வரிசைக்கும் தோள் உயரத்துக்குக் கோடு கீறிவைத்திருக்கிறோமே, அதில் பின்வரிசைக் கோட்டுக்கு ஈடான தோள் ஊரில் வேறு யாருக்கு? தேடினோம். அலசினோம். ஒரே ஒரு தோள்தான். அது நீலக்கொடி கிளப் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தது!

பெரியவெள்ளிச் சுரூபம் நீலத்துக்கு, பாஸ்காச் சுரூபம் சிவப்புக்கு என்று பங்கு பிரித்தவர்கள் நம் முன்னோர். சாவு அவர்களுக்கு, உயிர்ப்பு நமக்கு. இதைவிட நியாயமான பாகப்பிரிவினை உலகில் உண்டா? அப்படியிருக்க, நீலத் தோளைச் சிவப்புக்குக் கேட்பதா? சிவப்புக் கமிட்டி விவாதித்தது, வெகுண்டது, காபி குடித்தது, மறுபடி வெகுண்டது. தூன் சவேர் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்து, தெருவைக் கடந்து, நேராக நீலக்கொடி கிளப்புக்குள் நுழைந்தார். வேடிக்கை பார்க்க நானும் பின்னால் போனேன்.

“நாஸ்யு, நாளைக்குக் காலைல உன் தோள் வேணும்.”

“நம்ம ஆளு அவனுங்களுக்குத் தோள் குடுக்கிறதா?” என்று கூவினார் ஒருவர். “சாமி, அது செவப்புச் சுரூபம்!”

“உயிர்த்த ஆண்டவர் எந்தக் கிளப்புல சந்தா கட்டுறாருன்னு எனக்குத் தெரியாதுப்பா. நீ ரசீது பாத்திருக்கியா?”

நாஸ்யு ஜன்னலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “விடுங்க சாமி. நான் கோயிலுக்கு வந்தே வருசக்கணக்காச்சு. எனக்கு விசுவாசமெல்லாம் இல்ல.”

“விசுவாசத்தை யாருடா கேட்டா? அது எங்ககிட்டயே சரியாத் தேறாது. நான் தோளைக் கேட்டேன்.”

அன்பர்களே! நினைத்துப் பாருங்கள். ஆண்டவர் சிலுவை சுமந்து தடுமாறிய அந்த வெள்ளிக்கிழமை, வயலிலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு மனிதரைப் படைவீரர்கள் பிடித்து இழுத்தார்களே, அவரிடம் “உனக்கு விசுவாசம் உண்டா?” என்று கேட்டார்களா? “வாழ்க்கையின் நோக்கம் என்ன?” என்று கேட்டார்களா? தோளில் வைத்தார்கள். நடந்தார். அந்தப் பாரம்தான் அவருக்குத் திசை சொன்னது. நாம் என்ன செய்கிறோம்? திசை தெரிந்தால் எழுவேன் என்று உட்கார்ந்திருக்கிறோம். உட்கார்ந்தவனுக்கு எந்தத் திசை தெரியும்? நாற்காலி பார்க்கும் திசைதான் தெரியும்!

மறுநாள் காலை நாஸ்யு வந்தார். ஏன் வந்தார் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வெள்ளை அங்கி அவருக்கு முழங்கால் வரைதான் எட்டியது. எனக்கு நேர் பின்னால் நின்றார். பேண்ட் முழங்கியது. பிள்ளைகள் பாதாம் வைத்த பாஸ்காப் பலகாரமான ஃபிகொல்லாவை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தார்கள். ஓட்டம் தொடங்கியது.

சுரூபத்தின் அடியில் பின்வரிசையில் நிற்பவனுக்கு என்ன தெரியும்? வழி தெரியாது. வாசல் தெரியாது. முன்னால் போகிறவனின் முதுகு தெரியும், அவ்வளவுதான். சரிவில் பாதி ஏறியதும் பின்னாலிருந்து குரல் வந்தது.

“யோவ், ஒண்ணுமே தெரியலியே! ரோடு எங்கய்யா போகுது?”

“எனக்கும் தெரியாதுண்ணே. முன்னாடி லேலி பாத்துக்குவான். நீங்க என் முதுகைப் பாருங்க.”

இன்னும் நாலு அடி ஏறினோம். பிறகு மெதுவாக, தனக்குத்தானே சொல்வதுபோல்:

“அப்ப... இத்தன வருசமா எனக்குப் பின்னாடி உக்காந்து வந்த சனமெல்லாம் இப்படித்தான் வந்துச்சா? என் முதுகைப் பாத்துக்கிட்டே?”

 

அதற்குள் நீலக்கொடி கிளப் வாசல் வந்துவிட்டது. அந்த இடத்தில் வேகத்தைக் கூட்டி அவர்களை வெறுப்பேற்றுவது நம் சிவப்புக்காரர் மரபு. எங்கும் எழுதிவைக்கவில்லை, ஆனால் பத்துக் கட்டளைகளைவிட ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறோம். முன்னால் லேலி பாய்ந்தார். முன்வரிசை பறந்தது. பின்வரிசை இழுபட்டது. சுரூபம் பின்பக்கமாகச் சாய்ந்தது. பேண்ட் நின்றது. பால்கனியில் பெண்கள் அலறினார்கள். அத்தனை பாரமும் ஒரு தோளில் இறங்கியது. யார் தோளில்? நீலத் தோளில்! நாஸ்யு ஒதுங்கியிருக்கலாம். ஒதுங்கினால் ஆண்டவர் தெருவில், அடியில் நாங்கள். அவர் ஒதுங்கவில்லை. காலை ஊன்றி நின்று, வலெத்தா பஸ் நிலையமே திரும்பிப் பார்க்கும் அந்தப் பழைய குரலில் கத்தினார்:

“மெல்ல ஓட்டுங்கடா! பின்னாடி ஆளு இருக்கு!”

லேலி நின்றார். எட்டுப் பேரும் நின்றோம். சுரூபம் நிமிர்ந்தது. நம் ஊர் வரலாற்றிலேயே முதன்முறையாக, சிவப்புக்காரர்கள் நீலக்கொடி கிளப் வாசலை நடந்து கடந்தோம். மேலேயிருந்து வண்ணக் காகிதம் பொழிந்தது. அது தவறுதலாக விழுந்தது என்று நீலக்கொடி கமிட்டி பின்னர் விளக்கம் அளித்தது. ஏற்றுக்கொள்கிறோம்.

பிறகு ஓடினோம். கோயில் வாசல் வரை ஓடினோம்.

ஓட்டம் முடிந்து அங்கியைக் கழற்றாமல் படியில் உட்கார்ந்திருந்தார் நாஸ்யு. ஜூசா அக்கா வந்து எதிரில் நின்றார். “என்ன, மறுபடி உக்காந்தாச்சா?”

“தோள் வலிக்குதுடி.”

“வலிக்குதா? அப்பாடா! உசுரு இருக்கு.”

நாஸ்யு தலை குனிந்து கேட்டார்: “கோயிலுக்குப் பின்னாடி ஒரு வேன் கெடக்கே, கோழி அடையுதே, அதுக்குச் சாவி யாருகிட்ட இருக்கு?”

அன்று மாலை அக்கா பெட்டியைப் பிரித்தார். மேலே இருந்தது என்ன தெரியுமா? நாஸ்யுவின் சட்டைகள். வராவிட்டால் ஜன்னலைக் கட்டிக்கொண்டு அழு என்றவர், அவர் சட்டையைத்தான் முதலில் மடித்து வைத்திருந்தார். அக்கா, கோபிக்காதீர்கள், ஊருக்கே தெரியும்.

இன்று அந்த வேன் ஓடுகிறது. நடக்க முடியாதவர்களைத் திருப்பலிக்கும் மருத்துவமனைக்கும் ஏற்றிச் செல்கிறது. கிளப்பும் முன் ஒவ்வொரு முறையும் நாஸ்யு திரும்பிப் பார்க்கிறார்: “பின்னாடி எல்லாரும் உக்காந்தாச்சா?” ஞாயிறு திருப்பலியில் கடைசித் தூணருகே நிற்கிறார். முழு விசுவாசம் வந்துவிட்டதா என்று தூன் சவேர் கேட்டாராம். “பாதி வழி வந்திருக்கு சாமி, இன்னும் நிறுத்தம் இருக்கு” என்றாராம்.

இப்போது தீர்மானத்துக்கு வருகிறேன். தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். எந்தக் கடிகாரம் என்று தெரியவில்லை.

அன்பர்களே! அன்று நாஸ்யுவிடமிருந்து சக்கரத்தைப் பிடுங்கினார்கள். அவர் உட்கார்ந்துபோனார். இன்று நாம் சக்கரத்தைக் கொண்டுவந்து அவர் தோளைப் பிடுங்கப்போகிறோமா? சக்கரத்துக்கு நெட்டை வேண்டுமா? குட்டை வேண்டுமா? நீலம் வேண்டுமா? சிவப்பு வேண்டுமா? யாருமே வேண்டாம்! அதுதான் அதன் வசதி. அதுதான் அதன் வறுமை! போன ஆண்டு சக்கரம் இருந்திருந்தால் சுரூபம் சுகமாகப் போய்ச் சேர்ந்திருக்கும். நாஸ்யு ஜன்னலிலேயே இருந்திருப்பார். ஆண்டவருக்கு நம் தோள் தேவையா? கல்லறையிலிருந்து தாமே எழுந்தவருக்கு, கோயில் படி ஏறத் தெரியாதா? தேவை அவருக்கல்ல, நமக்கு! தூக்குகிறவன்தான் எழுகிறான். சுமக்கிறவனுக்குத்தான் திசை. ஆகவே சக்கரம் வேண்டாம் என்கிறேன். இந்த ஆண்டும் வேண்டாம், எந்த ஆண்டும் வேண்டாம்!

அப்படியானால் குறையும் தோளுக்கு வழி? லேலிக்கு முதுகு பிடித்துக்கொண்டதால் காலியாகியிருப்பது முன்வரிசை. அங்கே குட்டையர் வேண்டும். கதவு நிலையில் முன்வரிசைக்குக் கீறிய கோட்டைப் பார்த்துவிட்டுத்தான் மேடையேறினேன். அந்தக் கோட்டுக்குக் கச்சிதமான தோள் இந்த மேடையிலேயே இருக்கிறது. அவைத்தலைவர் அவர்களே, உங்களைத்தான்!

என்ன சொல்கிறார்? முட்டி வலியாம். தலைவரே, முட்டியை யார் கேட்டது? நான் தோளைக் கேட்டேன்!

கைதட்டாதீர்கள், அவர் பதில் சொல்லட்டும். சற்று அமைதி. கடைசி வரிசையில் யாரோ எழுந்து நிற்கிறார்கள். சத்தமாகச் சொல்லுங்கள் நாஸ்யு அண்ணே, தலைவர் காதில் விழ வேண்டும்.

“பயப்படாம வாங்க தலைவரே! பின்னாடி ஆளு இருக்கு!”

இதற்கு மேல் பேச எனக்கு ஒன்றும் இல்லை. தலைவர் மேல்கோட்டைக் கழற்றுகிறார். பொறுமையோடு கேட்ட பெரியோர்களுக்கும், பொறுமை இழந்தும் எழுந்து போகாத தாய்மார்களுக்கும் நன்றி. பாஸ்கா காலையில் சரிவின் அடியில் சந்திப்போம். வணக்கம்.