கழல மறுத்த டிரைவ்

"உள்ள யாரோ இருக்காங்க, புடுங்காதன்னு நீ போன்ல கத்தலன்னா அவ்ளோதான்க்கா."

செவிலிமேடு பேருந்தில் முன் இருக்கைப் பெண் இப்படிச் சொன்னதும் திடுக்கிட்டேன். என் மகன் லிஃப்டில் சிக்கி மீண்டு இரண்டு நாள்தான் ஆகிறது. அவள் பேசியதோ பாஸ்வேர்டு போட்டுப் பூட்டிய பேக்கப் டிரைவைப் பற்றி.

"கல்யாணப் புடவை டிசைன் அதுல மட்டும்தான் இருக்குது. புடுங்கறதுக்கு முன்னாடி லினக்ஸ்ல அன்மவுன்ட் பண்ணி விடுவிக்கணும்ல, எத்தினி வாட்டி பண்ணாலும் டிரைவ் பிஸின்னே சொல்லிச்சு."

"யாருடி உள்ள இருந்தது?"

"நீ சொன்ன கமாண்ட் போட்டுப் பாத்தா, நான்தான்! கமாண்ட் அடிக்கிற டெர்மினல் ஜன்னல்ல அந்த டிரைவோட ஃபோல்டருக்குள்ளயே நின்னுக்கினு டிரைவைக் கழட்டப் பாத்திருக்கேன்."

பக்கத்தில் இருந்த அந்த அக்கா சிரித்தாள். "தறிக்குழியில காலை வெச்சிக்கினே குழியை மூடப் பாத்திருக்க."

"வெளிய வந்தேன், உடனே கழண்டுச்சு. டிசைன் பத்திரமா இருக்குது. நீ நல்லா இருக்கணும்க்கா."

லிஃப்டைத் திறந்துவிட்டவருக்கு நான் இன்னும் நன்றி சொல்லவில்லை.