கையுறையின் உள்பக்கம்

மதிப்பிற்குரிய ராஜப்ரியா மேடம் அவர்களுக்கு,

அரவேணு எஸ்டேட்டில் பூச்சிமருந்து ஷெட்டைப் பார்த்துக்கொள்ளும் சூப்பர்வைசர் தினகரன் எழுதிக்கொள்வது.

விழிப்புணர்வுக் கூட்டத்தன்று நீங்கள் ஷெட் வாசலில் நாற்காலியில் இருந்தீர்கள். உங்களுக்கு வலப்பக்கம் நான். மருந்தடிக்கிற ஆட்கள் எதிரே, கவிழ்த்த கூடைகள்மேல். முன்னால் வீரையா, பக்கத்தில் அவர் மகன் சுரேந்திரன். சங்கிலி மட்டும் பின்னால், முதுகில் மாட்டுகிற மருந்து டேங்க் மேலேயே உட்கார்ந்திருந்தான். நீங்கள் கையுறை மாட்டிக் காட்டியபோது, "மாமியா ஊட்டுச் சீருங்களா மேடம்?" என்றான். நீங்களும் சிரித்தீர்கள்.

வீரையா சிரிக்கவில்லை. "தோல் வழியாவும் மருந்து உள்ள போகும்னு அம்மா சொல்றாங்க. இனி கையுறை இல்லாம டேங்கத் தூக்க மாட்டம்," என்றார். சிலோன் தோட்டத்திலிருந்து வந்த குடும்பம், பேச்சு அப்படித்தான்.

ஆளுக்கொரு ஜோடி கொடுத்துவிட்டுப் போனீர்கள். மருந்து பீய்ச்சுகிற நாசில் அடைத்தால் கையுறையைக் கழற்றி, அடைப்பெடுத்து, மறுபடி மாட்டுவதற்குள் மூடுபனி இறங்கிவிடும். பாதிக் காடு மருந்தடிக்காமல் நிற்கும். மேனேஜர் கேட்பது என்னைத்தான். பிடுங்கி வைத்தால் தகராறு. அவர்களாகவே வேண்டாமென்று சொல்ல வேண்டும்.

ஆகவே ஆட்கள் வீட்டுக்குப் போனதும், தண்ணீர் கலக்காத மருந்தை அவர்கள் ஷெட்டில் வைத்துவிட்டுப் போன கையுறைகளுக்குள் ஊற்றி ஊறவைத்துக் கவிழ்த்தேன். காலையில் ஏன் ஈரமென்று கேட்டார்கள். கழுவி வைத்தேன் என்றேன்.

"இந்த எழவுதான் எரியுது," என்று சங்கிலி முதலில் வீசினான். மற்றவர்களும் வீசினார்கள்.

வீரையா வீசவில்லை. "கையுறைக்குள்ளயே இப்படி எரியுதுன்னா, வெறுங்கையில என்னாகும்?" என்று இன்னும் இறுக்கி மாட்டினார். நானும் தினமும் நனைத்துக் காத்திருந்தேன். வாயில் நுரையோடு தேயிலைக்குள் சரிந்தபோதும் அவர் கழற்றியிருக்கவில்லை. நான்தான் உருவினேன். ஆஸ்பத்திரி போவதற்குள் முடிந்துவிட்டது.

சரியாகச் சொல்லிக்கொடுக்கவில்லையோ என்று உங்கள் கடிதத்தில் வருந்தியிருந்தீர்கள். மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் சொன்னது அத்தனையும் சரி. பிடிவாதம் அவருடையது. முதல் நாளே கழற்றியிருந்தால் இன்றும் வேலைக்கு வந்திருப்பார்.

அவர் டேங்கை இப்போது சுரேந்திரன் தூக்குகிறான். வெறுங்கைதான், நல்ல வேகம். என் பிள்ளை மாதிரி பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தினகரன்

கவரை ஒட்டிவிட்டு சுரேந்திரனைக் கூப்பிட்டேன். மேல்விலாசத்தைப் படித்தான்.

"அப்பா விசயமாங்களா சார்?"

"ஆமாப்பா. ஒண்ணு விடாம எழுதியிருக்கேன்."

"எங்களுக்காக இவ்வளவு தூரம் யாருங்க சார் எழுதுவாங்க," என்றான். கண் கலங்கியிருந்தது. சாரலில் நனையாமல் கவரைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, தபால் எடுக்கிற நேரம் தப்பிவிடக் கூடாதென்று சரிவில் ஓடினான்.