அறுபத்திரண்டு கிலோ

— அப்போ இதை என் கவனக்குறைவுன்னு நான் ஒத்துக்கணும். அப்படித்தானே மாமா?

— ஒத்துக்கணும்னு யாரும்மா சொன்னா? அறிக்கைக்குக் கீழே ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். எவ்வளவு பதமா எழுதியிருக்கேன் பாரு. 'நாலாம் இருக்கை ஆபரேட்டரின் தற்காலிகக் கவனக்குறைவு.' அந்தத் 'தற்காலிக'ங்கிற வார்த்தையைப் போட வைக்க எங்க தலைவர் மீசையோட ஒரு மணி நேரம் மல்லுக்கட்டியிருக்கேன்.

— நாற்பது செகண்டு பார்க்காம விட்டேன். அதைத் தற்காலிகம்னு சொல்ல உங்க தலைவருக்கு ஒரு மணி நேரம் ஆச்சாக்கும்.

— ஏங்க, சாப்பாட்டு மேஜையில காகிதத்தைப் பரப்பாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது? அவ வாயில ரெண்டு கவளம் போகட்டும். மருமகளை வீட்டுல வெச்சு விசாரிக்கற மாமனாரை இப்பத்தான் பாக்கறேன்.

— நீ சும்மா இரு. விசாரணையெல்லாம் கமிட்டியில முடிஞ்சாச்சு. நான் கமிட்டிச் செயலாளரா வரல. வீட்டு மனுஷனா வந்திருக்கேன்.

— வீட்டு மனுஷன் பையில ரப்பர் ஸ்டாம்பு எதுக்கு?

— விடுங்க அத்தை. மாமா, மீசைதானே அனுப்பினார்? உங்க மருமகதானே, நீங்க சொன்னா கேட்பான்னு?

— சொன்னார்தான். உன் நல்லதுக்குத்தான் சொன்னார். மணி இப்போ பன்னெண்டே முக்கால். காலையில நாலு மணிக்கு விமானம் கிளம்பியாச்சு, மறுசோதனைக்கு. ஒரு மணிக்கு இறங்கும். உன் சீட்டுல இன்னொரு ஆபரேட்டர், அந்த நீளக்கால், உட்கார்ந்திருக்கான். நீ விட்டதை அவன் பார்த்துட்டான்னு வெச்சுக்கோ. ரேடார் சரி, விமானம் சரி, ஆள்தான் சரியில்லைன்னு ஆயிடும். அப்புறம் எழுதறது நான் இல்ல, மீசை. 'பறக்கும் பணிக்குப் பொருத்தமற்றவர்'னு எழுதுவார். அந்தச் சொல் உன் ஃபைல்ல விழுந்தா ஆயுசுக்கும் அந்த சீட்டு கிடையாது.

— இப்பவே போட்டா?

— ஆறு மாசம் தரையில வேலை. அப்புறம் திரும்ப ஏறலாம். இன்னொண்ணும் இருக்கு. மத்த ரெண்டு பொண்ணுங்க இருக்காங்கல்ல, உனக்கு அப்புறம் வேற குழுவுல சேர்ந்தவங்க. அவங்க சீட்டைப் பத்தியும் பேச்சு வந்துச்சு. நீ போட்டுட்டா அது ஒரு ஆளோட தப்பு. போடலைன்னா, பொம்பளைங்களே வேண்டாம்னு ஒரு வரியில முடிச்சுடுவாங்க.

— அந்த ரெண்டு பேரைக் காட்டி என் கையைப் பிடிச்சு எழுத வைக்கறீங்க.

— நான் வைக்கலம்மா.

— இருங்க, இருங்க. ஒரு வாரமா இந்த வீட்டுல ஆளுக்கு ஒரு மூலையில மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்கீங்க. என்ன நடந்துச்சுன்னு எனக்கு யாரும் முழுசாச் சொல்லல. நீ சொல்லும்மா. இந்த மனுஷன் சொன்னா முன்னுரை முடியறதுக்குள்ள எனக்குத் தூக்கம் வந்துடும்.

— பெரிசா ஒண்ணும் இல்ல அத்தை. முதுகுல ரேடாரைத் தூக்கிக்கிட்டு விமானம் மேலே சுத்தும். நாங்க அஞ்சு பேர் உள்ளே திரை முன்னாடி உட்கார்ந்திருப்போம். வானத்தை அஞ்சு கூறாப் போட்டு ஆளுக்கு ஒண்ணு. எதிரி மாதிரி நடிக்க ஒரு சின்ன விமானம் கடல் அலையை ஒட்டி, ஒவ்வொருத்தர் கூறுலயும் ஒரு தடவை வரும். புள்ளியா தெரிஞ்ச உடனே சொல்லணும். எட்டாவது மணி நேரத்துல என் கூறுல வந்துச்சு. நான் சொல்லல.

— கண்ணு அசந்துட்டியா?

— முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். ஒரு புள்ளி மூணா தெரிஞ்சுது, அப்புறம் திரை முழுக்க புள்ளி. எது நிஜம்னு தெரியல. நாக்கு அண்ணத்துல ஒட்டிக்கிச்சு, சொல்ல வாயே வரல. முந்தின நாள் ராத்திரி எட்டு மணிக்குக் குடிச்ச தண்ணிதான் அத்தை. பதினாறு மணி நேரம். குளிர்ச்சி பூரா ரேடார் பெட்டிக்குப் போகும், எங்க பக்கம் அடுப்படி மாதிரி.

— விமானத்துல தண்ணி கொடுக்க மாட்டாங்களா?

— கொடுப்பாங்க. குடிச்சா போறதுக்கு இடம் இல்ல.

— போறதுக்கு இடம் இல்லைன்னா?

— கழிப்பறை இல்ல அத்தை.

— விளையாடாதே. பஸ்ஸா அது, வழியில நிறுத்தி இறங்கிப் போக? ஒன்பது மணி நேரம் பறக்கற விமானத்துல இது இல்லாம யாராவது கட்டுவாங்களா?

— கட்டினவங்க வெச்சுத்தான் கட்டினாங்க. பயணிங்க போற விமானம் அது. வாங்கி, ரேடார் ஏத்தறப்போ எடுத்துட்டாங்க.

— எந்தக் கட்டையில போறவன் எடுத்தான்?

— மாமா, நீங்களே சொல்லுங்களேன்.

— அது... எடைப் பிரச்சனை. உனக்குப் புரியாது.

— புரியற மாதிரி சொல்லுங்க.

— குளிரூட்டற பெட்டி, கொடுக்கறோம்னு சொன்னதைவிட நூத்தி நாற்பது கிலோ கூட வந்துடுச்சு. அதைக் குறைக்கலைன்னா விமானம் வேணுங்கற உயரத்துக்கு ஏறாது. வெளிநாட்டுக்காரன் பெரிய விமானத்தோட படத்தைச் சுருட்டிக்கிட்டு மந்திரி வாசல்ல நிக்கறான், நம்மது எப்போ கவிழும்னு. ஒன்பது வருஷ உழைப்பு. நான் ஸ்க்ரூ ஸ்க்ரூவா தராசுல வெச்சேன். கம்பளத்தை உரிச்சேன், சமையல் மேடையை எடுத்தேன், படுக்கையை எடுத்தேன். அப்பவும் போதல. அப்புறம்தான் அது கண்ணுல பட்டுது. தொட்டி, குழாய், கதவு எல்லாம் சேர்த்து அறுபத்திரண்டு கிலோ. ஒரே கோட்டுல அடிச்சேன்.

— அறுபத்திரண்டு. இருங்க. நாலு வருஷம் முன்னாடி ஒரு சாயங்காலம் குதிச்சுக்கிட்டு வந்தீங்களே, அறுபத்திரண்டு கிலோ, ஒரே கோட்டுலன்னு. நானும் என்னமோ ஏதோன்னு சந்தோஷப்பட்டு உங்களுக்கு இன்னொரு டம்ளர் காப்பி போட்டுக் கொடுத்தேனே. இதுக்கா?

— அப்போ அதுல பொம்பளைங்க யாரும் பறக்கல.

— நீங்களும் உங்க மீசையும் பறந்தீங்களா?

— தலைவர் ஏறிப் பார்த்தாரு.

— நாற்பது நிமிஷம் அத்தை. தரையில நிக்கறப்போ. போட்டோ எடுத்தாங்க. அவர் உட்கார்றதுக்குன்னு பின்னாடி ஒரு தோல் சோபா இருக்கு. அதை எடுக்கல.

— அது எவ்வளவு கிலோ?

— அது தேவைப் பட்டியல்ல வருது. பெரியவங்க யாராவது வந்தா உட்கார...

— எவ்வளவு கிலோன்னு கேட்டேன்.

— எழுபத்தொண்ணு.

— கிராம் சார், கிராம் சார்னு ஆபீஸ்ல உங்களைக் கூப்பிடறாங்கன்னு பெருமையா சொல்வீங்க. எழுபத்தொரு கிலோ சோபா உங்க தராசுல ஏறவே இல்லையா? ஒரு மனுஷன் உட்கார மெத்தை வேணும், அஞ்சு மனுஷங்க ஒதுங்க இடம் வேண்டாம். நல்லா பண்றீங்க பாதுகாப்பு.

— அவங்க நாலு பேரும் ஒரு வார்த்தை கேட்கலையே. பைலட்டுங்களும் கேட்கல.

— ஆம்பளைங்க பாட்டில் வெச்சிருக்காங்க மாமா. பெட்டிகளுக்கு நடுவுல ஒரு துணியைக் கட்டிவிட்டிருக்காங்க. என் உடுப்பு கழுத்துலேர்ந்து கணுக்கால் வரைக்கும் ஒரே ஜிப்பு.

— அதுக்குத்தான் கமிட்டி ஒரு மாற்று சொல்லுச்சே. அந்த... உள்ளே கட்டிக்கறது.

— குழந்தைக்குக் கட்டற மாதிரியா?

— அந்த மாதிரின்னு வெச்சுக்கோ.

— சரி. மொதல்ல உங்க தலைவருக்குக் கட்டுங்க. கட்டி, அந்தத் தோல் சோபாவுல ஒன்பது மணி நேரம் உட்கார வைங்க. எழுந்து வந்து நல்லாத்தான் இருந்துச்சுன்னு மீசையை முறுக்கட்டும். அப்புறம் என் மருமகளுக்குச் சொல்லுங்க. சாமி கொடுத்த உடம்புங்க அது. அதுக்குத் தண்ணி வேணும், அப்புறம் ஒதுங்க ஒரு மறைவு வேணும். உங்க கமிட்டி ஒன்பது வருஷம் உட்கார்ந்தாலும் அதைத் திருத்த முடியாது.

— சத்தம் போடாதே, பக்கத்து வீட்டுல கேட்கும்.

— கேட்கட்டும். எதிரி வர்றதை இருநூறு மைலுக்கு முன்னாடியே சொல்ற விமானம்னு எல்லார்கிட்டயும் பீத்தினது நீங்கதானே. உள்ளே ஒரு பொண்ணு நாக்கு வறண்டு கிடக்கறது கையெட்டற தூரத்துல தெரியல. நீ ஏம்மா வாயைத் திறக்கல?

— மூணு கடிதம் எழுதினேன் அத்தை. முதலாவதுக்கு, 'குறித்துக்கொள்ளப்பட்டது'ன்னு பதில் வந்துச்சு. ரெண்டாவதுக்கு, இது எங்க வரம்புல வராதுன்னாங்க. மூணாவதுக்கு, இதே சிரமம் ஆண்களுக்கும் இருக்கிறதா, விளக்கவும்னு கேட்டாங்க. அதோட நிறுத்திட்டேன். இன்னும் எழுதினா கழிப்பறை வராது, எங்க மூணு பேரையும் இறக்கிடுவாங்கன்னு தோணுச்சு.

— அந்தப் பதிலையெல்லாம் எழுதினது யாரு?

— அத்தை, அதை விடுங்க.

— ஏங்க, கேக்கறேன்ல. யாரு?

— செயலாளர்தான் எழுதணும். விதிமுறை அது. ஆனா வரைபடத்தைத் திரும்பத் திறந்தா ஆறு மாசம் போயிடும்னு மீசை சொன்னார். ஆறு மாசத்துல அந்த வெளிநாட்டு விமானத்தை வாங்கிடுவாங்க. நம்ம ரேடாரைக் குப்பையில போட்டிருப்பாங்க.

— ரேடார்ல ஒரு குறையும் இல்ல மாமா. அதை நான் யார்கிட்ட வேணும்னாலும் சொல்வேன். அதுக்காகத்தான் இத்தனை நாள் வாயைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்தேன். ஆனா ஒண்ணு கேட்கறேன். விசாரணையில நான் எட்டுப் பாரா எழுதிக் கொடுத்தேன். எப்போ கடைசியாத் தண்ணி குடிச்சேன், ஏன் குடிக்கலைன்னு எட்டாவது பாராவுல இருந்துச்சு. இந்த அறிக்கையில ஏழுதான் இருக்கு.

— அது வரம்புக்கு வெளியே போகுதுன்னு எடுத்தாச்சு.

— இதுவும் ஒரே கோடா?

— ஆமா.

— எத்தனை கிராம் குறைஞ்சுது?

— நீயுமா என்னைக் குத்தணும்? நான் கெட்டவனாம்மா? இத்தனை வருஷத்துல ஒரு ஆணியை வீட்டுக்கு எடுத்துட்டு வந்திருக்கேனா? ஒரு ஏஜெண்டு கையால ஒரு டீ குடிச்சிருக்கேனா?

— நீங்க கெட்டவர்னு நான் சொல்லல மாமா. எனக்கு ஜுரம் வந்தப்போ ராவெல்லாம் நெத்தியில ஈரத்துணி மாத்தினது நீங்கதான். அந்த மனுஷன் காலையில ஆபீஸ் வாசல்ல எங்கே இறங்கிப் போயிடறார்னுதான் எனக்குப் புரியல.

— கடிகாரத்துல என்ன தேடறீங்க? விதிமுறையில இல்லையோ?

— மணி பன்னெண்டு ஐம்பத்தெட்டு. இப்போ நான் என்னம்மா பண்ணட்டும்?

— பேனாவைக் கொடுங்க.

— வேண்டாம்டி கண்ணு. பொய்யில கை வைக்காதே.

— நான் ஒருத்தி ஆறு மாசம் தரையில உட்கார்ந்தா அந்த ரெண்டு பேர் மேலே இருப்பாங்க அத்தை. சின்னவளுக்கு இந்தச் சம்பளத்துலதான் வீடு ஓடுது. நீளக்கால் நல்ல ஆபரேட்டர். என் சீட்டுல கண்டிப்பாப் பார்த்திருப்பான். அப்புறம் நான் நியாயம் பேசி யாருக்கு என்ன? எங்கே மாமா, இங்கேயா?

— இரு, ஃபோன் அடிக்குது. ஹலோ. ஆமா, கமிட்டிச் செயலாளர்தான். சோதனை அதிகாரிங்களா? சொல்லுங்க, இறங்கியாச்சா? நல்லது. எத்தனை பார்த்தாங்க? ... திரும்பச் சொல்லுங்க. ... நீளக்காலுமா? ... ரேடார் பதிவுல? எல்லாம் சுத்தமாத் தெரியுதா? ... டாக்டர் பார்த்தாரா? யாருக்கும் ஒண்ணும் இல்லையே? ... இப்படிப் பண்ணச் சொல்லி யாரு சொன்னது? ... நானா? ... உத்தரவுல அப்படியா இருக்கு? ... ஆமா, என் கையெழுத்துதான். ... சரி. மீசைகிட்ட நானே சொல்றேன்.

— மூஞ்சி ஏன் இப்படி வெளுத்துப் போச்சு? விமானத்துக்கு ஏதாவது...

— விமானம் நல்லபடியா இறங்கிடுச்சு. ஆளுக்கு ஒண்ணா அஞ்சு புள்ளி வந்துச்சு. மூணைத் தவற விட்டுட்டாங்க. ரேடார் அஞ்சையும் பிடிச்சிருக்கு. திரையில இருந்திருக்கு. பார்த்தவங்கதான் சொல்லல.

— நீளக்கால், மாமா?

— நீ விட்டது நாற்பது செகண்டு. உன் சீட்டுல அவன் ரெண்டு நிமிஷம் விட்டிருக்கான். பேனாவைக் கீழே வைம்மா.

— அஞ்சு பேரும் கைதேர்ந்தவங்க மாமா. எப்படி இது?

— முதல் சோதனை எந்த நிலைமையில நடந்துச்சோ அதே நிலைமையில மறுசோதனை நடக்கணும், ஆள் மட்டும்தான் மாறலாம்னு நான் உத்தரவு எழுதியிருந்தேன். என்ன நிலைமைன்னு தெரிஞ்சுக்க, நான் வெட்டின உன் எட்டாவது பாராவைச் சோதனை அதிகாரி மூல ஃபைல்லேர்ந்து எடுத்துப் படிச்சுக் காட்டியிருக்காரு. அஞ்சு பேரும் நேத்து ராத்திரி எட்டு மணியிலேர்ந்து ஒரு சொட்டுத் தண்ணி குடிக்கலையாம்.