வாலில் சுற்றும் விசிறி

ஹெலிகாப்டரில் ஏற வருகிறவர்கள் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டுதான் வருவார்கள். மேலே சுற்றும் பெரிய இறக்கை ஆள் உயரத்துக்கு மேலேதான் இருக்கிறது. இருந்தாலும் கூனிக் குறுகி, ஏதோ திருடப் போகிறவர்கள் மாதிரி வருவார்கள். வாலில் செங்குத்தாகச் சுற்றும் சின்ன விசிறியை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. வேகம் எடுத்துவிட்டால் அது கண்ணுக்கே தெரியாது.

நீங்கள் முதலிலிருந்து சொல்லச் சொன்னதால் சொல்கிறேன், ஐயா. ஹெலிகாப்டர் என்னுடையது. அம்மாவின் வீட்டை விற்று வாங்கினேன். ஓட்டுவதும் நான்தான். ஆனால் கட்டணம் வாங்கி ஆள் ஏற்ற லைசன்ஸ் வேண்டும். ஒற்றை ஹெலிகாப்டர் வைத்திருக்கிறவனுக்கு அதை லேசில் தரமாட்டார்கள். அதனால் லைசன்ஸ் இருந்த ஒருவரின் பெயரில் தொழில் செய்தேன். அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். கதவிலும் வாலிலும் அவர் கம்பெனிப் பெயர். பெற்றது நான், பிள்ளைக்கு இனிஷியல் அவருடையது.

அவர் கெட்டவர் இல்லை. வேண்டியவர்களைக் கூட்டிக்கொண்டு வந்து, "நம்ம ஹெலிகாப்டர், இது நம்ம டிரைவர்" என்று காட்டுவார். என் மனைவி பக்கத்தில் இருந்தபோதும் ஒரு தடவை அப்படித்தான் சொன்னார். நான் சிரித்துக்கொண்டே கதவைத் திறந்துவிட்டேன்.

மெக்கானிக் என் மனைவியின் தம்பி. என் கல்யாணத்தின்போது அரைக்கால் சட்டை போட்டிருந்தவன். நான்தான் படிக்கவைத்து, கூடவே வைத்துக்கொண்டேன். வால் விசிறியின் அடியில் மயிரிழை மாதிரி ஒரு விரிசல் இருப்பதை அவன்தான் பார்த்தான்.

"இதோட பறக்கக் கூடாது மாமா."

"மாத்திடலாம்டா. நாளைக்கு ஒரு பொண்ணு மாப்பிள்ளை வராங்க. அது முடியட்டும்."

"பிஞ்சு போச்சுன்னா எல்லாரும் செத்துடுவீங்க."

"பிய்யாது."

பிய்யவும் இல்லை. இரண்டு பேரையும் ஆற்றுக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டி, பூ மாதிரி இறக்கினேன். அந்தப் பெண் கை தட்டினாள். நான் சொன்னதுதான் நடந்தது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அவர்களை அனுப்பிவிட்டு வந்தால், ஷெட்டில் அண்ணன் உட்கார்ந்திருக்கிறார். மச்சான் போன் பண்ணிச் சொல்லியிருக்கிறான். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"இனிமே என் பேர்ல இது பறக்காது தம்பி," என்றார் அண்ணன். "பெயின்டரை வரச் சொல்லியிருக்கேன். பேரை அழிச்சிட்டுப் போயிடுவான்."

"விரிசலைச் சரி பண்ணிட்டா அண்ணே?"

"விரிசல் இல்லப்பா விஷயம். இருக்குன்னு தெரிஞ்சும் ரெண்டு சின்னஞ்சிறுசுங்கள ஏத்திட்டுப் போனே பாரு, அதுதான். உன்னை நம்பி நான் ஜெயிலுக்குப் போக முடியாது."

நியாயமான பேச்சு. நான் கோபப்படவில்லை. மச்சான் என் முகத்தைப் பார்க்காமல், "உங்க நல்லதுக்குத்தான் மாமா," என்றான்.

"சரி அண்ணே," என்றேன். "அழிக்கறதுக்கு முன்னால ஒரு தடவை நீங்களே பாத்துடுங்க. நின்ன இடத்துலயே ஓட விடறேன். ஒரு ஆட்டமும் இருக்காது." மச்சானை உள்ளே டார்ச் எடுத்துவர அனுப்பினேன்.

இஞ்சினைக் கிளப்பினேன். அண்ணன் எதிரே நின்றார். சட்டை படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. கண்ணாடி வழியாகக் கை காட்டினேன், பின்னால் போய்ப் பாருங்கள் என்று. தலையைக் குனிந்துகொண்டு, ஹெலிகாப்டரின் உடம்பை ஒட்டியே வால் பக்கமாக நடந்தார். அதற்குள் மச்சான் ஷெட் வாசலுக்கு வந்துவிட்டான். அவன் வாய் திறந்து திறந்து மூடியது தெரிந்தது. இஞ்சின் சத்தத்தில் யாருக்கும் ஒன்றும் கேட்டிருக்காது. என் காலுக்குக் கீழே பெடல் ஒரு உதறு உதறியது. அவ்வளவுதான்.

இஞ்சின் ஆற வேண்டிய அளவு ஆறவிட்டு அணைத்தேன். அவசரமாக அணைத்தால் கெட்டுப்போகும். இறங்கிப் பார்த்தேன். அண்ணனுக்குத் தோளுக்கு மேலே முகம் என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. ஷெட் சுவர் வரை தெறித்திருந்தது. வாலில் எழுதியிருந்த பெயரைப் படிக்க முடியவில்லை. பெயின்டருக்குப் பாதி வேலை குறைந்தது.

மச்சான் மண்டிபோட்டு வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான்.

"நீங்க கை காட்டினீங்க. நான் பாத்தேன்."

"முன்னால வரச் சொல்லித்தான்டா காட்டினேன். அவரு தப்பாப் புரிஞ்சுக்கிட்டாரு."

"இல்ல மாமா. பின்னால போகச் சொன்னீங்க."

அவனுக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தேன். "யோசிச்சுச் சொல்லு. உங்க அக்காவை நினைச்சுப் பாரு."

"அக்காகிட்டதான் முதல்ல சொல்லப் போறேன்."

ஹெலிகாப்டரை ஷெட்டுக்குள் தள்ளிக்கொண்டு போக ஒரு இரும்புத் தடி வைத்திருந்தோம். அதை எடுத்தேன். முதல் அடியைக் கையால் தடுத்தான். எலும்பு முறிந்த சத்தம் கேட்டது. "மாமா" என்றான், கூப்பிடுகிற மாதிரிதான். அடுத்த அடியில் சாய்ந்தான். அதற்குப் பிறகும் அடிக்க வேண்டியிருந்தது. மண்டை அவ்வளவு கெட்டி என்று எனக்குத் தெரியாது. மூச்சு நின்ற பிறகு காலைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் அண்ணன் பக்கத்தில் போட்டேன். அவரைக் காப்பாற்ற ஓடி இவனும் மாட்டிக்கொண்டான் என்று உங்கள் ஆட்களிடம் சொன்னேன்.

விசிறி வெட்டும், தடி நொறுக்கும் என்று உங்கள் டாக்டர் கண்டுபிடித்துவிட்டார். கெட்டிக்காரர். மறுபடி இஞ்சினைக் கிளப்பி, அவனையும் விசிறியில் விட்டிருந்தால் யாருக்கும் சந்தேகம் வந்திருக்காது. எனக்கும் அது தோன்றாமல் இல்லை. ஆனால் அடிபட்ட விசிறியோடு இஞ்சினை ஓட விடக் கூடாது. ஆபத்து.

என் மனைவி இன்னும் பார்க்க வரவில்லை. தம்பியின் காரியமெல்லாம் முடித்துவிட்டு வருவாள். பொறுமையாக எடுத்துச் சொன்னால் புரிந்துகொள்கிறவள்தான்.

கையெழுத்துப் போடுகிறேன். இரண்டு பேரையும் கொன்றது நான்தான். அதில் மறைக்க ஒன்றுமில்லை. பத்திரிகைக்காரர்கள் என் தொழிலைப் பற்றிக் கண்டபடி எழுதுகிறார்கள். அதை மட்டும் திருத்தச் சொல்லுங்கள். என் ஹெலிகாப்டரில் ஏறிய ஒருத்தருக்கும் இன்றுவரை ஒரு கீறல் விழுந்ததில்லை. இவர்கள் இரண்டு பேரும் அன்றைக்கு ஏறவே இல்லை.