பன்னிரண்டாவது வளைவு

மணல் வறுப்பது கடலை வறுப்பதைவிடச் சுலபம், சாமி. கடலை கருகிவிடும். மணல் எத்தனை நேரம் கிடந்தாலும் மணல்தான். காப்பியைக் குடியுங்கள், ஆறிவிடப் போகிறது. பேசில் போய் நாற்பது நாள் ஆயிற்று என்று ஆறுதல் சொல்ல வந்திருக்கிறீர்கள். நானும் உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். இதைப் பாவசங்கீர்த்தனமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் உங்களோடு நின்றுவிடும் அல்லவா?

என் வீட்டுக்காரர் லியனார்டும் அவர் தம்பி பேசிலும் ரயில்வே பட்டறையில் பிட்டர்கள். போன வருஷம் ஈஸ்டருக்கு மறுநாள், சொந்தமாக ஒரு கார் கட்டப்போகிறோம் என்று இரண்டு பேரும் சொன்னார்கள். லோரியில் மோதி நசுங்கிய ஒரு சின்னக் காரின் எஞ்சின் கிடைத்திருந்தது. அதைத் தாங்கும் சட்டத்துக்கு ஈயச் சுரங்கம் ஒன்றில் கழித்துப்போட்ட சதுர எஃகுக் குழாய்களை மாட்டுவண்டியில் ஏற்றிக் கொல்லைக் கொட்டகைக்குக் கொண்டுவந்தார்கள். எங்கள் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரமே வேடிக்கை பார்த்தது.

முதல் குழாயை வளைத்தபோது அது மிதிபட்ட மண்ணெண்ணெய் டின் மாதிரி நசுங்கியது. பக்கத்து வீட்டு நல்லம்மாள் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"என்ன கெர்ட்ரூட், மாட்டுக்குத் தொட்டியா செய்றாங்க?"

"இல்லக்கா, உங்களுக்குத்தான் கட்டில்!" என்றான் பேசில்.

வெறும் குழாய் வளையும்போது உள்ளே குழிந்துவிடும். அதனால் மணலை இறுக்கி நிரப்பி, இரண்டு முனையிலும் மரத்தக்கை அடித்து, கரியுலையில் சிவக்கக் காய்ச்சி, பழைய இரும்புச் சக்கரம் ஒன்றைச் சுற்றி இழுக்க வேண்டும். மணல் என் பொறுப்பு. குவாலிச் சட்டியில் வறுத்து, மேலே ஒரு கண்ணாடித் துண்டைப் பிடிப்பேன். கண்ணாடி மங்கினால் இன்னும் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம்.

"ஈரத்தோட அடைச்சா ஆவி கட்டிக்கும், கெர்ட்டி," என்று என் வீட்டுக்காரர் முதல் நாளே சொன்னார். "தக்கை துப்பாக்கிக் குண்டு மாதிரி பறக்கும்." அதற்காகவே ஒரு முனைத் தக்கையில் ஆணி நுழையும் அளவுக்கு ஓட்டை போடுவார். மறுமுனைத் தக்கையைக் குறுக்கே ஆணியடித்து அசையாமல் செய்துவிடுவார். குழாய் உலையில் இருக்கும்போது ஓட்டை இருக்கும் முனைக்கு நேரே யாரும் நிற்கக் கூடாது. இது அந்தக் கொட்டகையின் விதி.

மணல் நிரப்பியும் எங்கள் குழாய்கள் சரியாக வரவில்லை. உருண்டைக் குழாய் சொன்னபடி கேட்கும். சதுரக் குழாயைக் குறுகலாக வளைத்தால் உள்பக்கம் சுருங்கிச் சுருங்கி மடியும். ஆறு குழாய் வீணாயிற்று. பேசிலுக்கு நிச்சயம் செய்திருந்த பெண் கிள்ளான் ஊர் டோரிஸ். அவளுடைய கல்யாண கவுனுக்குக் கொசுவம் வைத்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்குத் தோன்றியது. உள்பக்கத்து இரும்பு மிஞ்சிப்போகிறது, போக இடம் தெரியாமல் தவிக்கிறது. மிஞ்சிய துணிக்கு நாம் முதலிலேயே மடிப்பு வைத்துக் கொடுப்பதில்லையா?

"வளைக்கறதுக்கு முன்னாடியே உள்பக்கத்துல நீளமா ஒரு பள்ளம் தட்டுங்க," என்றேன்.

"கவுனும் காரும் ஒண்ணா லா?" என்று அவர் சிரித்தார்.

"தட்டித்தான் பாப்போமே அண்ணே," என்றான் பேசில். "இதுவரைக்கும் தட்டாத தட்டா?"

ஓர் உருண்டைக் கம்பியை வைத்து நானே தட்டினேன். காய்ச்சினார்கள், இழுத்தார்கள். குழாய் சக்கரத்தைச் சுற்றி வந்தது, சாமி. குழந்தை கழுத்தைக் கட்டிக்கொள்வது போல வந்தது. உள்பக்கம் அந்தப் பள்ளத்துக்குள் அடக்கமாகப் போய் உட்கார்ந்துகொண்டது. ஒரு சுருக்கம் இல்லை. எனக்குத் தலை சுற்றியது. பேசில் குவாலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கொட்டகையைச் சுற்றி ஆடினான். அவர் என் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கல்யாணமாகி எட்டு வருஷம். அதுவரை என்னிடம் சாப்பாட்டைப் பற்றியும் சட்டைப் பொத்தானைப் பற்றியும்தான் பேசியிருந்தார். அன்று ராத்திரி சாப்பிடும்போது, "அடுத்ததை நீ இழு, கெர்ட்டி," என்றார்.

இழுத்தேன். சிவந்த இரும்பு கைக்கு அடங்கி வரும் அந்தக் கணத்தை எப்படிச் சொல்வது? ஊஞ்சல் உச்சிக்குப் போய் ஒரு நொடி நிற்கும் பாருங்கள், அது மாதிரி. பாத்திரம் தேய்க்கும்போதும் சிரிப்பேன். பூசையில்கூட ஒருமுறை சிரித்துவிட்டேன். நீங்கள் திரும்பிப் பார்த்தீர்கள்.

சட்டத்துக்கு மொத்தம் பன்னிரண்டு வளைவு. ஒன்பதாவது முடிந்ததும் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பின்னால் பெட்டி வைக்க ஒரு சட்டம் போடலாமே, அதில் நாலு வளைவு வருமே என்று கேட்டுப் பார்த்தேன்.

"அண்ணி, விட்டா இதைத் தேராக்கிடுவீங்க," என்றான் பேசில். "பன்னெண்டு போதும். ஜனவரியில கல்யாணம், அப்படியே கார்ல கிள்ளான். அங்கேயே வேலையும் பாத்தாச்சு."

"நல்லதாப் போச்சு," என்றார் என் வீட்டுக்காரர். "உலையப் பிரிச்சிட்டுக் கொட்டகையில கோழி வளப்போம்."

கோழி. அதைப் பற்றி நிறைய யோசித்தேன். கோழிகளின் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை.

பன்னிரண்டாவது வளைவுக்குக் குறித்த சனிக்கிழமை மத்தியானம் மணலை எப்போதும் போல நன்றாகவே வறுத்தேன். கண்ணாடி பளிச்சென்று இருந்தது. ஆறிய பிறகு ஒரு கோப்பைத் தண்ணீர் தெளித்துப் பிசைந்தேன். குழாய் உப்பிக் கெட்டுப்போகும், இன்னொரு குழாய் தேட வேண்டும், இரண்டு மூன்று வாரம் ஓடும். அவ்வளவுதான் என் எண்ணம். யாருக்கு என்ன கஷ்டம்?

ஆனால் தக்கையில் ஓட்டை இருந்தால் ஆவி போய்விடும், குழாய் கெடாது. அதனால் அவர் குளிக்கப் போன நேரத்தில் ஓட்டையில் ஒரு மூங்கில் குச்சியை அடித்து, மட்டமாக வெட்டி, மேலே கரி பூசினேன். சின்ன வேலைதான். ஒழுங்காகச் செய்தேன்.

காப்பி அங்கியில் சிந்துகிறது, சாமி. கோப்பையைக் கீழே வையுங்கள்.

குழாய் உலையில் சிவந்துகொண்டிருந்தது. அவர் துருத்தி ஊதினார். "பேசில்," என்றேன், "குழாய் கோணலாக் கிடக்கற மாதிரி இருக்கு. அந்த முனையிலேர்ந்து பாரேன்."

"அண்ணிக்கு ஒரு மூக்குக்கண்ணாடி வாங்கணும்," என்று சொல்லிக்கொண்டே, பதினொரு தடவை ஒன்றும் ஆகாத தைரியத்தில் ஓட்டை முனைக்கு நேரே போனான். குனிந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டான்.

தக்கை பறந்த சத்தம் நான் நினைத்த அளவுக்கு இல்லை.

ஏன் அவனை என்று கேட்பீர்கள். அவர் இல்லாமல் உலை இல்லை. நான் இல்லாமல் வளைவு இல்லை. இழுப்பதற்கு யார் வேண்டுமானாலும் போதும். அதோடு கிள்ளான், கல்யாணம், ஜனவரி என்று நாள் குறித்துக்கொண்டிருந்தவன் அவன்தான். இதையெல்லாம் உட்கார்ந்து திட்டம் போட்டேன் என்று நினைக்காதீர்கள். வாயில் வந்தது, சொன்னேன்.

அவர் தம்பியை மடியில் போட்டுக்கொண்டு கத்தினார். குழாய் கெடவே இல்லை, சாமி. மணல் உள்ளே இறுகியபடியே நெருப்பில் பழுத்துக் கிடந்தது. அப்படிப் பழுத்த இரும்பைச் சும்மா விட மனம் வருமா? சாக்கைச் சுற்றிக்கொண்டு தூக்கி, சக்கரத்தில் பூட்டி, தனியாகவே இழுத்தேன். பன்னிரண்டிலும் அதுதான் அழகு. போகும்போது கொட்டகையில் பாருங்கள்.

அவர் அதைப் பார்க்கவே இல்லை. தினமும் பித்துப் பிடித்தவர் போல உட்கார்ந்து, "ஓட்டை போட மறந்துட்டேன், கெர்ட்டி, நான்தான் கொன்னுட்டேன்," என்கிறார். மறதி எல்லாருக்கும் வருவதுதான் என்று தேற்றுகிறேன். தலையில் எண்ணெய் வைத்துவிடுகிறேன். ஒரு மனைவி வேறென்ன செய்ய முடியும்?

உங்களிடம் ஓர் உதவி. நீங்கள் சொன்னால் அவர் கேட்பார். இந்தக் காரை முடித்துவிட்டு, தம்பி நினைவாக இன்னொரு கார் கட்டச் சொல்லுங்கள். உலை எரிந்தால் அவர் துக்கம் கரையும், பேசிலின் ஆத்துமாவுக்கும் நல்லது. எனக்காகக் கேட்கவில்லை. டோரிஸின் அண்ணன் கிரிகரி கிள்ளானிலிருந்து வந்து கூட நின்று உதவுகிறேன் என்றிருக்கிறார். கிரிகரி அவசரப்படாத ஆளாக இருந்தால் போதும்.