முதுகில் இருக்கும் பேர்

ஹாஜெர்: முடியாதுன்னு சொல்றதுக்கு முன்னாடி முழுசா கேளுங்க வெய்செல் அண்ணே.

வெய்செல்: கேட்டாச்சு. முடியாது.

ஹாஜெர்: ஏன் இப்படிக் குசுகுசுன்னு பேசறீங்க? கடையில நாம ரெண்டு பேர்தானே இருக்கோம்.

வெய்செல்: தொண்டை போச்சும்மா. மூணு வருஷமாச்சு. ஊருக்கே தெரியும். மைக்கைத் தொடக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார்.

ஹாஜெர்: எந்த டாக்டர்?

வெய்செல்: இருக்கார் ஒரு டாக்டர்... டீ ஆறுது, குடி. அது என்ன பை? மடியிலேயே வச்சிட்டிருக்கே. கீழே வை. பழைய ரேடியோவையே எவனும் திருட மாட்டேங்கறான், உன் பையையா தூக்கிட்டுப் போகப்போறான்?

ஹாஜெர்: இருக்கட்டும்.

வெய்செல்: பையனோட சட்டையா?

ஹாஜெர்: இல்ல. அப்புறம் சொல்றேன். நாளைக்கு பெர்காய் கோல்ல நிக்கறான் அண்ணே. பெரிய ஃபுட்பால் டீம்ல அவனுக்கு முதல் மேட்ச். ஸ்டேடியம் மைக்ல அவன் பேரை நீங்கதான் கூப்பிடணும்.

வெய்செல்: அதான் நகரத்துலேர்ந்து புதுசா ஒரு ஆளைப் பிடிச்சிட்டு வந்திருக்காங்களே.

ஹாஜெர்: அவன் கூப்பிடறதெல்லாம் ஒரு கூப்பாடா? ஆஸ்பத்திரியில டோக்கன் கூப்பிடற மாதிரி இருக்கு. பேரு, குடும்பப்பேரு ரெண்டையும் ஒரே மூச்சுல கொட்டிட்டு அடுத்த ஆளுக்குப் போயிடறான். ஜனங்க வாயையே திறக்கறதில்ல. சூரியகாந்தி விதையைக் கடிச்சுத் துப்பற சத்தம்தான் கேட்குது.

வெய்செல்: அதுக்கு நான் என்ன பண்றது? என் தொண்டைதான்... ஏய்! ஏய் ஏய் ஏய்! நிறுத்துடா லாரியை! பின்னாடி பாருடா! கண்ணாடியில ஏத்தப்போறே! கண்ணு இருக்கா, இல்ல அதையும் கரியோட சேர்த்து வித்துட்டியா? முன்னாடி எடு! முன்னாடி!... போறான் பாரு. திரும்பிக்கூடப் பார்க்காம போறான்.

ஹாஜெர்: அந்த டாக்டர் விலாசத்தை எனக்கும் கொடுங்க.

வெய்செல்: சிரிக்காதே.

ஹாஜெர்: டீ கிளாஸ் ஆடிடுச்சு அண்ணே.

வெய்செல்: சரி, பொய்தான். தொண்டை நல்லாத்தான் இருக்கு. மனசு இல்ல. போதுமா? அதுவும் இப்ப அது நம்ம கிளப்பா? காராதமார் கிளப்புன்னா இன்னைக்கு என்ன இருக்கு? சட்டையில நெஞ்சுல யார் பேர் போட்டிருக்குன்னு பார்த்தியா?

ஹாஜெர்: பார்க்காம? துவைக்கிறதே நான்தானே.

வெய்செல்: கரிக்குழிக்குள்ள காத்து மிஷின் வைக்காம காசை மிச்சம் பிடிச்சானே, அந்தக் கம்பெனி பேரு. மூணு வருஷம் முன்னாடி அத்தனை பேரை உள்ளே விட்டுட்டு மேலே நின்னவன், இன்னைக்குக் கிளப்புக்குப் படியளக்கறான். எங்கப்பா காலத்துல...

ஹாஜெர்: ஆரம்பிச்சுட்டீங்களா?

வெய்செல்: கேளு. எங்கப்பா காலத்துல இன்ஜினியருங்களுக்குத் தனி டீம். புல்லுத் தரை, நீலச் சட்டை, இடைவேளையில எலுமிச்சை ஜூஸ். நம்ம ஆளுங்க கரித்தூள் மேட்டுல ஆடினாங்க. விழுந்து எந்திரிச்சா முட்டிக்குள்ள கரி தங்கிடும். சாகற வரைக்கும் எங்கப்பா முட்டியில அது இருந்துச்சு. அப்புறம் மேலேர்ந்து உத்தரவு வந்துச்சு. ஊருக்கு ஒரு கிளப்புதான், ரெண்டையும் சேருங்கன்னு. சேரலாம், ஆனா நிறம் நீலம்தான்னு இன்ஜினியருங்க சொன்னாங்க. அன்னைக்கு...

ஹாஜெர்: அன்னைக்கு ஒருத்தர்கூடக் குழியில இறங்கலை. கறுப்பும் மஞ்சளும் கிடைக்கிற வரைக்கும் இறங்கலை. தெரியும் அண்ணே. இல்யாஸ் எனக்கு இதைக் கல்யாணத்தன்னைக்கே சொல்லிட்டார். இந்த மனுஷனுக்கு வேற பேச்சே வராதான்னு பயந்துட்டேன்.

வெய்செல்: சொல்லியிருப்பான்... கரிக்குக் கறுப்பு, விளக்குக்கு மஞ்சள். வெளியூர்க்காரன் ‘கரிமூஞ்சி’ன்னு கத்தினா நம்மாளுங்க அதையே ராகம் போட்டுத் திருப்பிப் பாடுவாங்க. எங்க போனாலும் அந்தப் பாட்டுதான். அப்படிப்பட்ட சட்டையில இன்னைக்குக் கொன்னவன் பேரு. உன் பையன் அதை மாட்டிட்டு நிக்கப்போறான். நான் வந்து கைதட்டிக் கூப்பிடணும்.

ஹாஜெர்: நெஞ்சுல அவன் பேரு. முதுகுல எங்க குடும்பப்பேரு, சாரிதாஷ். நான் முதுகைத்தான் கேட்கறேன் அண்ணே. இன்னொரு டீ சொல்லுங்க. இது ஆறிப்போச்சு.

வெய்செல்: சொல்றேன்... நீ பேசறதெல்லாம் இல்யாஸ் மாதிரியே பேசறே.

ஹாஜெர்: அவர் இல்லாம வேற யார்கிட்ட கத்துக்கிட்டேன்? நீங்க நடுவுல நிறுத்திக் கூப்பிடறது எப்படி ஆரம்பிச்சதுன்னுகூட அவர்தான் சொன்னார். மைக் வயர் விட்டுப்போச்சாமே?

வெய்செல்: வயர் இல்ல, ஆம்ப்ளிஃபயர். அதுக்கு எப்பவும் ஒரு மண்டைக்கனம். ஆட்டக்காரன் பேரு ‘செல்ச்சுக்’ன்னு சொன்னேன், மைக் செத்துப்போச்சு. ஒரு உதை விட்டேன். அதுக்குள்ள மேட்டுப்பக்கத்து ஜனங்க அவன் குடும்பப்பேரைச் சொல்லி முடிச்சிட்டாங்க. அத்தனை தொண்டையும் ஒண்ணா... உடம்பு சிலிர்த்துப்போச்சு ஹாஜெர். அடுத்த பேருக்கு மைக் ஒழுங்காத்தான் வேலை செஞ்சுது. நான்தான் நிறுத்தினேன்.

ஹாஜெர்: இப்ப நாடு பூரா அப்படித்தான் கூப்பிடறாங்க.

வெய்செல்: நம்மகிட்டேர்ந்துதான் போச்சு.

ஹாஜெர்: எல்லா ஊர்லயும் அப்படித்தான் சொல்லிக்குவாங்க.

வெய்செல்: சொல்லிக்கட்டும். இந்த ஊர்ல நான் சொல்லிக்கறேன்... சொல்லிட்டிருந்தேன்.

ஹாஜெர்: நாளைக்குச் சொல்லுங்க. பெர்காய்னு கூப்பிட்டு நிறுத்துங்க. அவ்வளவுதான். ஒரே ஒரு பேரு.

வெய்செல்: நான் நிறுத்தினா யார் பதில் சொல்லுவா?

ஹாஜெர்: ஜனங்க.

வெய்செல்: எந்த ஜனங்க? என் சத்தத்தைக் கேட்டா அவங்களுக்கு எது ஞாபகம் வரும்னு உனக்குத் தெரியாதா? நீயும்தானே அங்க நின்னே.

ஹாஜெர்: நின்னேன்.

வெய்செல்: அப்ப கேட்காதே.

ஹாஜெர்: நாம அதைப் பத்திப் பேசினதே இல்ல அண்ணே.

வெய்செல்: இந்த ஊர்ல யார் பேசினா?

ஹாஜெர்: இப்பப் பேசுங்க.

வெய்செல்: எதுக்கு?

ஹாஜெர்: பேசுங்களேன்.

வெய்செல்: ...மழை பெய்ஞ்சுட்டிருந்தது. குழிவாசல்ல ஊரே நின்னுது. கம்பெனி மைக் செட் நனைஞ்சுபோச்சு, என்னோடதைக் கொண்டு வாங்கன்னு ஆள் அனுப்பினாங்க. கொண்டு போனேன். கீழேர்ந்து டெலிபோன்ல பேர் வருது. ஒரு இன்ஜினியர் அதைக் கேட்டு என் காதுல சொல்றான். நான் மைக்ல சொல்லணும்.

ஹாஜெர்: ம்.

வெய்செல்: முதல் பேரு இல்யாஸ்.

ஹாஜெர்: ம்.

வெய்செல்: சொன்னேன். சொல்லிட்டு... நிறுத்திட்டேன். பழக்கதோஷம். வேணும்னு பண்ணலை, அந்தக் கடவுள் சத்தியமா வேணும்னு பண்ணலை. இத்தனை வருஷமா நாக்கு அப்படியே பழகிப்போச்சு. ஒரு விநாடி சத்தமே இல்ல. மழைதான். அப்புறம் எங்கேயோ ‘சாரிதாஷ்!’னு ஒரு குரல். பொம்பளைக் குரல். அப்புறம் எல்லாரும். ஸ்டேடியத்துல கத்தற மாதிரி.

ஹாஜெர்: அப்புறம்?

வெய்செல்: அடுத்த பேரைச் சொன்னேன். அதுக்கும் கத்தினாங்க. அதுக்கு அடுத்ததுக்கும். சில பேர் சிரிச்சாங்க ஹாஜெர். கட்டிப்பிடிச்சுக்கிட்டாங்க. அப்பத்தான் எனக்குப் புரிஞ்சுது. மேலே உயிரோட வர்றவங்க பேரைச் சொல்றேன்னு நினைச்சுட்டாங்க. என் குரல் சொன்ன பேரெல்லாம் எப்பவும் மைதானத்துக்குள்ள ஓடி வந்த பேருதானே? வேற எப்படி நினைப்பாங்க?

ஹாஜெர்: உங்க தப்பு என்ன இதுல?

வெய்செல்: இரு, இன்னும் முடியலை. இதை எவன்கிட்டேயும் சொன்னதில்ல... அந்த இன்ஜினியர் முதல்ல என்ன சொல்லச் சொன்னான் தெரியுமா? ‘இறந்தவர்கள்’னு சொல்லிட்டுப் பேரை ஆரம்பிங்கன்னான். எனக்கு வாய் வரலை. அந்த ஒரு வார்த்தை வரலை. நேரா பேரை ஆரம்பிச்சுட்டேன். திட்டு.

ஹாஜெர்: எதுக்குத் திட்டணும்?

வெய்செல்: குல்சுமை நினைச்சுப் பாரு. உன் பக்கத்து வீட்டுக்காரி. ரெண்டு பேரும் ஒரே அடுப்புல ரொட்டி சுடறீங்க. அவ புருஷன் பேரைச் சொன்னதும் அவ என்ன பண்ணினான்னு பார்த்தியா? மாத்துத்துணி எடுத்துட்டு வரேன், மனுஷன் நனைஞ்சுபோய் வருவான்னு வீட்டுக்கு ஓடினா. காய்ஞ்ச சாக்ஸும் கம்பளிச் சட்டையும் எடுத்துட்டு மூச்சிரைக்க ஓடி வர்றா... முதல் ஸ்ட்ரெச்சர் மேலே வந்தது. மூஞ்சி வரைக்கும் கம்பளியை இழுத்து மூடியிருந்தாங்க. அவ அந்தத் துணியை மார்போட அணைச்சுக்கிட்டு என்னைப் பார்த்தா. ஸ்ட்ரெச்சரைப் பார்க்கலை. என்னைப் பார்த்தா.

ஹாஜெர்: நானும் பார்த்தேன்.

வெய்செல்: இன்னைக்கு வரைக்கும் அவ என் கடை வாசல்ல நடந்ததில்ல. இந்தப் பக்கம் வந்தா ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் போறா. ஜன்னல் வழியா நான் பார்த்துட்டே உட்கார்ந்திருப்பேன். நாளைக்கு நான் மைக்கைப் பிடிச்சா அவ வீட்டுக்கும்தானே கேட்கும்? ஸ்டேடியத்துக்கும் அவ வீட்டுக்கும் நடுவுல ஒரு சுவர்தான்.

ஹாஜெர்: அதுதான் காரணமா? தொண்டை இல்ல, கம்பெனி பேரு இல்ல. குல்சும்தானா?

வெய்செல்: குல்சும்தான். நீயும்தான்.

ஹாஜெர்: நானா?

வெய்செல்: அந்த முதல் குரல் உன்னோடது. எனக்குத் தெரியும். இத்தனை வருஷம் ஜனங்க சத்தத்தைக் காதுல வாங்கின ஆளும்மா நான், குரல் தெரியாதா? ‘சாரிதாஷ்!’னு நீ கத்தினது இன்னும் காதுல நிக்குது. உன் புருஷன் பொழைச்சுட்டான்னு நினைச்சு எவ்வளவு சந்தோஷமா கத்தியிருப்பே... அந்தச் சந்தோஷத்தை நான்தானே கொடுத்தேன். கொடுத்துட்டு நான்தானே பிடுங்கினேன். அதே குடும்பப்பேரை உன் பையனுக்கு இன்னொரு தடவை கத்த வைக்கணுமா? என்னால முடியாது ஹாஜெர். கெஞ்சிக் கேட்கறேன், வீட்டுக்குப் போ.

ஹாஜெர்: சந்தோஷமா கத்தலை அண்ணே.

வெய்செல்: ...என்ன?

ஹாஜெர்: உங்க மைக் வர்றதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும். குழி ஆளுங்களுக்கு விளக்கு எடுத்துக் கொடுக்கற விளக்கறை கெரிம் வந்து காதுல சொல்லிட்டுப் போயிட்டார். இல்யாஸ் போயிட்டான், மனசைத் திடப்படுத்திக்கோன்னு.

வெய்செல்: தெரிஞ்சா... தெரிஞ்சும் எதுக்குக் கத்தினே?

ஹாஜெர்: நீங்க ‘இல்யாஸ்’னு சொல்லி நிறுத்தினீங்க. யாரும் வாயைத் திறக்கலை. அவர் பேரு பாதியிலேயே மழையில நின்னுட்டிருந்தது. அப்படியே விட முடியலை அண்ணே. கத்திட்டேன். என் சத்தத்தைக் கேட்டுத்தான் மத்தவங்க கத்தினாங்க. பொண்டாட்டியே கத்தறா, அப்ப பொழைச்சுட்டாங்கன்னு நினைச்சாங்க. பக்கத்துல நின்ன குல்சும் என் மூஞ்சியைப் பார்த்துட்டுத்தான் வீட்டுக்கு ஓடினா. நிறுத்துடின்னு அவ கையைப் பிடிச்சிருக்கலாம், பிடிக்கலை. மூணு வருஷமா அவ உங்களைச் சபிக்கறதை என் அடுப்படியில உட்கார்ந்து கேட்டுட்டிருந்தேன். இன்னைக்குக் காலையில போய் உண்மையைச் சொல்லிட்டேன். உள்ளே போய் இந்தப் பையைக் கொண்டு வந்து என் கையில கொடுத்துட்டுக் கதவைச் சாத்திட்டா. அந்தக் காய்ஞ்ச சாக்ஸும் கம்பளிச் சட்டையும்தான். இனிமே அவ என் வீட்டு வாசலைத்தான் சுத்திப் போவா, உங்க கடை வாசல்ல நடப்பா. நாளைக்கு நீங்க மைக்கைப் பிடிக்கலாம் அண்ணே.